பாதி மட்டும் நடக்கும் சட்டம்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பமிட்ட அச்சு வடிவம்)

இலக்கியமும் வரலாறும் பேசப்பட்டு வந்த இந்த மேடையில், பொதுநிதி படித்தவனை அழைத்து ஒரு மாநிலத்தின் வரவு செலவைப் பேசச் சொன்ன அமைப்பாளர்களுக்கு என் நன்றி.

நான் எடுத்துக்கொண்டிருப்பது ஒரே ஒரு சட்டம். 2024 நவம்பர் 5ஆம் தேதி கலிபோர்னியாவில் நாம் வாக்களித்தபோது, அதிபர் தேர்தலோடு சேர்ந்து 36ஆம் முன்மொழிவும் வாக்குச் சீட்டில் இருந்தது. வீடின்மை, போதைப் பழக்கம், திருட்டு ஆகியவற்றைக் குறைப்பதற்கான சட்டம் என்று அதற்குப் பெயர். வாக்களித்தவர்களில் சுமார் 68 விழுக்காட்டினர் ஆம் என்றார்கள். கலிபோர்னியாவின் 58 கவுண்டிகளிலும் அதற்குப் பெரும்பான்மை கிடைத்தது. கட்சி, ஊர், வருமானம் என்று எல்லாவற்றிலும் பிளவுபட்டுக் கிடக்கும் இந்த மாநிலத்தில் இப்படி ஒரு தீர்ப்பு அரிது. சட்டம் அந்த ஆண்டு டிசம்பர் 18 முதல் நடைமுறைக்கு வந்தது. அதை நிறைவேற்றத் தேவையான பணம் மட்டும் வரவில்லை.

இன்று நான் நிறுவ விரும்புவது இதுதான். இந்தச் சட்டத்துக்கு இரண்டு கைகள் உண்டு. தண்டிக்கும் கைக்குப் பழைய ஒதுக்கீடே போதும். சிகிச்சை தரும் கை புதிய பணம் இல்லாமல் அசையாது. ஆகவே போதிய நிதி ஒதுக்காமல் இருக்கும் அரசு ஒதுங்கி நிற்பதாக நினைத்துக்கொள்ள முடியாது. சட்டத்தில் எந்தப் பாதி நடக்க வேண்டும் என்பதை அது தேர்ந்தெடுத்துவிட்டது. அந்தத் தேர்வை மக்கள் செய்யவில்லை.

1. மக்கள் எதற்கு வாக்களித்தார்கள்

பத்தாண்டு பின்னால் போக வேண்டும். 2014இல் மக்கள் 47ஆம் முன்மொழிவை ஏற்றார்கள். 950 டாலர் வரையிலான திருட்டும், சொந்த உபயோகத்துக்குப் போதைப் பொருள் வைத்திருப்பதும் பெரும்பாலும் சிறுகுற்றங்கள் ஆயின. அதனால் சிறைச் செலவில் மிச்சமாகும் தொகையை எடுத்து, 65 விழுக்காட்டை மனநலம், போதைச் சிகிச்சைப் பணிகளுக்கும், மீதியைப் பள்ளிக்கு வராத பிள்ளைகளுக்கான திட்டங்களுக்கும் குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கும் பிரித்துக் கொடுக்க அந்தச் சட்டமே வழி வகுத்தது. அந்தச் சட்டத்தை நான் முழுமனத்தோடு ஆதரித்தவன். இன்றும் அதன் நோக்கத்தை மதிக்கிறேன்.

ஆனால் அது எழுதப்பட்ட காலத்தில் நம் தெருக்களில் ஃபெண்டனில் பரவியிருக்கவில்லை. ஹெராயினைவிட ஐம்பது மடங்கு வீரியம் என்று சொல்லப்படும் பொருள் அது. 2023ஆம் ஆண்டில் சான் பிரான்சிஸ்கோ நகரில் மட்டும் 810 பேர் அளவு மீறிய போதையால் இறந்தார்கள். இன்னொரு பக்கம், மருந்துக் கடைகளில் பற்பசையும் சோப்பும் பூட்டிய பிளாஸ்டிக் கதவுகளுக்குள் போயின. ஷாம்பு வாங்க மணி அடித்துவிட்டு, சாவியோடு ஊழியர் வரும்வரை நின்ற அனுபவம் இந்த அரங்கில் எல்லோருக்கும் இருக்கும்.

இந்தச் சலிப்பிலிருந்தும் துயரத்திலிருந்தும் எழுந்ததுதான் 36. முன்பே இரண்டு முறை திருட்டுக்குத் தண்டனை பெற்றவர் மீண்டும் திருடினால், பொருளின் விலை எவ்வளவானாலும் கடுங்குற்றமாக வழக்குப் போடலாம் என்றது. போதைப் பொருள் வழக்குக்கு அது ஒரு புதிய வகையையே உண்டாக்கியது. இரண்டு முறை போதை வழக்கில் தண்டனை பெற்ற ஒருவர் ஃபெண்டனில், ஹெராயின், கோக்கெயின், மெத் போன்றவற்றோடு மறுபடி பிடிபட்டால், குற்றத்தை ஒப்புக்கொண்டு அல்லது மறுக்காமல் விட்டுச் சிகிச்சையில் சேரலாம். சிகிச்சையை முடித்தால் வழக்கு தள்ளுபடி. முடிக்காவிட்டால் மூன்று ஆண்டு வரை சிறை. சுகாதார, பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் 11395ஆம் பிரிவு இதைச் சொல்கிறது.

சிகிச்சை இங்கே ஓர் இணைப்பு இல்லை. அந்தத் தண்டனையை நியாயப்படுத்தும் ஒரே காரணமே அதுதான். வாக்குறுதியாக மக்கள் முன் வைக்கப்பட்டதும் அதுதான். சான் பிரான்சிஸ்கோ மேயராக அப்போது இருந்த லண்டன் பிரீட், சான் ஹோசே மேயர் மேட் மேகன் போன்ற ஜனநாயகக் கட்சியினர் ஆளுநரை மீறி இந்தச் சட்டத்தை ஆதரித்தபோது, மக்களைச் சிகிச்சைக்குள் கொண்டுவர வேண்டும் என்பதையே முன்னிறுத்திப் பேசினார்கள். வால்மார்ட், டார்கெட், ஹோம் டிப்போ ஆகிய நிறுவனங்கள் பிரச்சாரத்துக்குப் பணம் கொடுத்தன. அவற்றின் அக்கறை திருட்டு என்பதை எவரும் மறைக்கவில்லை. தயங்கி நின்ற பல வாக்காளர்களை ஆம் என்று சொல்ல வைத்தது, அந்தப் பிரிவில் இருந்த சிகிச்சை என்கிற சொல்தான் என்று நான் நம்புகிறேன். என் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது.

2. பணம் இல்லாத இடத்தில் எது நடக்கிறது

நீதிமன்றத்தில் இது எப்படி நடக்கிறது என்று சற்று அருகில் போய்ப் பார்ப்போம்.

சனிக்கிழமை இரவு ஒருவர் சட்டைப்பையில் சிறு பொட்டலத்தோடு பிடிபடுகிறார். முன்பே இரண்டு தண்டனைகள். திங்கட்கிழமை நீதிபதி முன் நிறுத்துவதற்குள் அவர் உடல் போதைக்குத் தவிக்கத் தொடங்கியிருக்கும். வியர்வை, வாந்தி, கால் எலும்பைக் குடையும் வலி. நீதிமன்றத்தின் பின்புறக் காவல் அறையில், அரசுச் செலவில் வாதாடும் வழக்குரைஞர் அவரிடம் பேசக் கிடைப்பது சில நிமிடங்கள். சிகிச்சை வேண்டும் என்று சொன்னால் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும், பல உரிமைகளை விட்டுக்கொடுக்க வேண்டும், மாதக்கணக்கில் நீதிமன்றத்துக்கு வந்து முன்னேற்றத்தைக் காட்ட வேண்டும். இதற்கெல்லாம் சம்மதிக்குமுன் யாரும் கேட்கக்கூடிய கேள்வி ஒன்றுதான்: என்னை எங்கே அனுப்புவீர்கள், எப்போது அனுப்புவீர்கள்?

அந்தக் கேள்விக்கு விடை சொல்ல ஆட்கள் வேண்டும். அன்றே அவரைப் பார்த்து மதிப்பிடும் போதைச் சிகிச்சை நிபுணர் வேண்டும். மெடி-கல் என்ற மாநிலக் காப்பீட்டில் பதிவு செய்து, இடம் தேடி, கையோடு கூட்டிப் போகும் வழக்குப் பணியாளர் வேண்டும். ஓபியம் வகைப் போதை என்றால் புப்ரெனார்பின் என்ற மருந்தை எழுதித் தரும் மருத்துவர் அன்றைக்கே வேண்டும். மெத் என்றால் ஒப்புதல் பெற்ற மருந்தே இல்லை. சுத்தமான சோதனை முடிவுக்குப் பரிசு அட்டை கொடுத்து ஊக்கப்படுத்தும் முறைதான் நன்றாக வேலை செய்கிறது. ஏழைகளின் காப்பீடான மெடிகெய்ட் வழியாக அதை முதன்முதலில் 2023இல் தொடங்கியதும் இதே கலிபோர்னியாதான். அந்த முறையை வாரம் தவறாமல் நடத்தவும் பயிற்சி பெற்ற ஊழியர் வேண்டும். சிகிச்சை முடிந்து அவர் திரும்பும் இடம் பழைய நடைபாதையாக இல்லாதிருக்க, தங்க ஓர் அறை வேண்டும்.

மறுபக்கத்தைப் பாருங்கள். கைது செய்யக் காவலர் இருக்கிறார். வழக்குப் போட அரசு வழக்குரைஞர் இருக்கிறார். கவுண்டிச் சிறையில் படுக்கை இருக்கிறது. நெரிசல் கூடும், வேலைப்பளு கூடும், அவர்களும் நியாயமாகவே குறை சொல்வார்கள். ஆனால் எந்திரம் நிற்காது. இந்தச் செலவுகள் எல்லாம் ஆண்டாண்டாக வரும் அடிப்படை ஒதுக்கீட்டில் ஏற்கெனவே உள்ளவை.

மாநில நீதித்துறைக் கவுன்சில் திரட்டிய முதல் ஆறு மாதக் கணக்கு இதைக் கண்முன் நிறுத்துகிறது. புதிய வகை வழக்கில் சிக்கியவர்கள் 9,000 பேரை ஒட்டி. சிகிச்சையைத் தேர்ந்தவர்கள் ஏறத்தாழ 1,300 பேர். உண்மையில் ஒரு திட்டத்தில் சேர்க்கப்பட்டவர்கள் 800க்கும் குறைவு. முடித்தவர்கள் 25 பேர்.

கடைசி எண்ணை வைத்து யாரும் சட்டத்தைக் கேலி செய்ய வேண்டாம். நல்ல சிகிச்சைக்கு ஆறு மாதம் போதாது. என்னைத் தூங்கவிடாத எண்கள் நடுவில் உள்ளவை. ஆறில் ஒருவருக்கும் குறைவானவர்தான் சிகிச்சை கேட்டார். அப்படிக் கேட்டவர்களிலும் பத்தில் நால்வருக்கு அந்தக் காலத்துக்குள் இடம் கிடைக்கவில்லை. போதையில் இருக்கும் ஒரு மனிதர் சரி, வருகிறேன் என்று சொல்லும் தருணம் எவ்வளவு குறுகியது என்பதைக் குடும்பத்தில் ஒருவரை இப்படிப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்தத் தருணத்தில் அரசு காத்திருப்புப் பட்டியலை நீட்டக் கூடாது.

3. இதே எண்ணில் ஒரு முன்கதை

இளைய நண்பர்கள் பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று. 2000ஆம் ஆண்டிலும் ஒரு 36ஆம் முன்மொழிவு இருந்தது. வன்முறை இல்லாத போதை வழக்குகளில் முதல், இரண்டாம் முறை சிக்கியவர்களைச் சிறைக்கு அனுப்பாமல் சிகிச்சைக்கு அனுப்பச் சொன்ன சட்டம். 61 விழுக்காட்டினர் ஏற்றார்கள். அதை எழுதியவர்கள் நிதியையும் சட்டத்துக்குள்ளேயே எழுதினார்கள். தொடக்கமாக 6 கோடி டாலர். பிறகு 2005-06 நிதியாண்டு வரை ஆண்டுக்கு 12 கோடி டாலர்.

அந்தப் பணம் வந்தது. கவுண்டிகள் ஆள் எடுத்தன, சிகிச்சை நிலையங்கள் பெருகின. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்து ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கணக்கெடுத்தார்கள். செலவிட்ட ஒவ்வொரு டாலருக்கும் அரசுக்கு ஏறத்தாழ இரண்டரை டாலர் மிச்சம் என்று கண்டார்கள். சிகிச்சையை முழுதாக முடித்தவர்கள் விஷயத்தில் அது நான்கு டாலர். குறைகளும் இருந்தன. சிகிச்சையில் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் மூன்றில் ஒருவர்தான். ஆனால் கணக்கு லாபத்தில் இருந்தது, மனிதர்கள் பிழைத்தார்கள்.

பிறகு சட்டம் எழுதி வைத்த கெடு முடிந்தது. அதன்பின் ஒதுக்கீடு சட்டமன்றத்தின் விருப்பத்துக்கு வந்தது. ஒரு சில ஆண்டுகளில் குறைந்தது. 2009 நெருக்கடியில் மாநிலம் அந்தப் பணத்தை முழுவதுமாக நிறுத்திவிட்டது. சட்டம் ரத்தாகவில்லை, ஏட்டில் அப்படியே நின்றது. நீதிபதிகள் சிகிச்சைக்கு அனுப்பலாம் என்ற நிலை மாறவில்லை. அனுப்பும் இடம் மட்டும் கரைந்து போனது. அரசுக்கு லாபம் தரும் என்று நிரூபிக்கப்பட்ட ஒரு திட்டத்தை வெளிச்சத்தில் விவாதித்து நீக்காமல், ஒதுக்கீட்டு வரியை அழித்தே முடித்துவிட முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

பக்கத்து மாநிலமான ஒரேகானிலும் பாடம் உண்டு. 2020இல் அங்கே மக்கள் 110ஆம் முன்மொழிவின் மூலம் போதைப் பொருள் வைத்திருப்பதைக் குற்றமில்லாமல் ஆக்கி, கஞ்சா வரிப் பணத்தைச் சிகிச்சைக்குத் திருப்பினார்கள். தண்டனை நீக்கம் உடனே வந்தது. சிகிச்சைப் பணம் கவுண்டிகளைச் சென்றடைய மிகவும் தாமதமானது. அந்த இடைவெளியில் மக்களின் பொறுமை தீர்ந்தது. 2024 செப்டம்பர் முதல் அது மறுபடி குற்றமாகிவிட்டது. ஒரேகான் தண்டனையை நீக்கியது, நாம் தண்டனையைக் கூட்டினோம். திசைகள் எதிரெதிர், சறுக்கிய இடம் ஒன்று.

சட்டத்துக்கான பணம் தேடும் வேலையை நம் முன்னோர்கள் வேறு விதமாகவும் செய்து காட்டியிருக்கிறார்கள். 1937இல் ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்து சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். கள், சாராய வருவாய் போகும், அதை எங்கிருந்து ஈடுகட்டுவது என்ற கேள்வியை அவர் ஒத்திப்போடவில்லை. 1939இல் பொது விற்பனை வரிச் சட்டம் வந்தது. மதுவிலக்குக் கொள்கை சரியா தவறா என்பதில் இன்றுவரை கருத்து வேறுபாடு இருக்கலாம். ஒரு சட்டத்தைக் கொண்டுவந்தவர் அதன் விலையையும் தானே மக்களிடம் எடுத்துச் சொல்லி வாங்கினார் என்ற நிதி ஒழுக்கத்தை மறுக்க முடியாது.

4. "ஆதரித்தவர்கள் கொடுக்கட்டும்" என்ற வாதம்

ஆளுநர் கேவின் நியூசம் தொடக்கத்திலிருந்தே இந்தச் சட்டத்தை எதிர்த்தார். அவர் சொன்ன காரணங்களில் முக்கியமானது, இதற்குப் பணம் இல்லை, பல ஊரகக் கவுண்டிகளில் தங்கிச் சிகிச்சை பெற இடமே இல்லை என்பது. அது உண்மை, அதைச் சொன்னதில் தவறும் இல்லை. மக்கள் தீர்ப்புச் சொன்ன பிறகு அந்த எச்சரிக்கையின் தன்மை மாறிவிடுகிறது. இடம் இல்லை என்று அறிந்தவரே இடத்தை உண்டாக்கும் பொறுப்பிலும் இருக்கிறார்.

ஆனால் 2025 ஜனவரியில் அவர் தந்த நிதிநிலை வரைவில் இதற்கெனத் தனி ஒதுக்கீடு இல்லை. மே மாதத் திருத்தத்திலும் இல்லை. ஆதரித்துப் பிரச்சாரம் செய்த மேயர்களும் கவுண்டிகளும் முன்வந்து கொடுக்கட்டும் என்பது அவர் சொன்னதன் சாரம். சட்டமன்றத்தில், அப்போது செனட் சிறுபான்மைத் தலைவராக இருந்த பிரையன் ஜோன்ஸ் உள்ளிட்ட குடியரசுக் கட்சியினரும், டாம் அம்பர்க் போன்ற ஜனநாயகக் கட்சி உறுப்பினர்களும், கவுண்டிகளும் தொடர்ந்து நெருக்கினார்கள். ஜூனில் ஒருமுறை மட்டும் என்ற நிபந்தனையோடு 10 கோடி டாலர் கிடைத்தது. ஏறத்தாழ பாதி, கவுண்டிகளின் மனநல, போதைச் சிகிச்சைத் துறைகளுக்கு. மீதி நீதிமன்றங்களுக்கும் அரசுச் செலவில் வாதாடும் வழக்குரைஞர்களுக்கும் விசாரணைக்கு முந்தைய பணிகளுக்கும். நெருக்கியவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் அந்த ஆண்டு மாநிலத்தின் மொத்தச் செலவு 32,100 கோடி டாலர் அளவு.

தொகையைவிட எனக்குக் கவலை தருவது "ஒருமுறை" என்ற சொல். ஒருமுறைப் பணத்தில் கட்டில் வாங்கலாம், கணினி வாங்கலாம். அடுத்த ஜூனில் வேலை இருக்குமா என்று தெரியாத பதவிக்கு அனுபவமுள்ள ஒரு சிகிச்சை ஆலோசகர் வரமாட்டார். தலைநகர் சேக்ரமென்டோவில் இருப்பவர்களுக்கு இது தெரியாமல் இருக்காது.

கவுண்டிகளே தரட்டும் என்பதில் இரண்டு சிக்கல்கள். 1978இன் 13ஆம் முன்மொழிவு சொத்து வரியை மதிப்பில் 1 விழுக்காட்டுக்குள் கட்டிப்போட்டது. கவுண்டிகள் தாமாக வரி உயர்த்தும் வழி அன்றே குறுகிவிட்டது. இரண்டாவது சிக்கல் சட்ட நுணுக்கம் சார்ந்தது. ஆனால் இதில்தான் எல்லாம் இருக்கிறது. கலிபோர்னிய அரசமைப்பின் 13பி பிரிவின்படி, சட்டமன்றமோ மாநிலத் துறையோ உள்ளாட்சிகள்மீது புதிய பணியைச் சுமத்தினால் செலவை மாநிலம் திருப்பித் தர வேண்டும். மக்கள் வாக்கால் வந்த கட்டளைக்கு அந்த விதி பொருந்தாது. சட்டமன்றம் இதே சட்டத்தைக் கொண்டுவந்திருந்தால் கவுண்டிகள் பில் அனுப்பியிருக்கலாம். மக்கள் நேரடியாகக் கொண்டுவந்ததால் அனுப்ப முடியாது. மக்களாட்சியின் மிக நேரடியான வடிவத்துக்கு மிகக் குறைந்த நிதிப் பாதுகாப்பு! 1911இல் ஹைரம் ஜான்சன் இந்த முன்மொழிவு உரிமையை மக்களுக்குப் பெற்றுத் தந்தது, அரசியல்வாதிகளின் தயவை எதிர்பார்க்காமல் சட்டம் பிறக்க வேண்டும் என்பதற்காக. சட்டம் பிறக்கிறது, வளர்வதற்கு மறுபடி அதே தயவு வேண்டியிருக்கிறது.

2024 மார்ச்சில் மக்கள் ஏற்ற 1ஆம் முன்மொழிவின் 638 கோடி டாலர் கடன்பத்திரப் பணம் இருக்கிறதே என்று அரசு சொல்கிறது. இருக்கிறது, நல்ல பணம். ஆனால் அது சிகிச்சை இடங்களையும் வீடுகளையும் கட்டுவதற்கு. கட்டி முடிக்க ஆண்டுகள் ஆகும், முடிந்தபின் உள்ளே வேலை செய்பவர்களின் சம்பளத்துக்கு அது ஆகாது. மேலும் அதே முன்மொழிவு, 2005 முதல் பத்து லட்சம் டாலருக்கு மேற்பட்ட வருமானத்தின் மீது வசூலாகும் 1 விழுக்காட்டு மனநல வரியில் ஒரு பகுதியை வீட்டு வசதிக்குத் திருப்பிவிட்டது. கவுண்டிகளின் கையில் இருந்த சிகிச்சைப் பணம் அந்த அளவுக்குச் சுருங்கியது.

பற்றாக்குறை பற்றியும் சொல்ல வேண்டும். 2025-26க்கு 1,200 கோடி டாலர் அளவு இடைவெளி இருந்தது உண்மை. வாஷிங்டனில் மெடிகெய்ட் வெட்டும் சேர்ந்து வருகிறது. ஆனால் ஒருவரை மாநிலச் சிறையில் ஓராண்டு வைத்திருக்க 1,25,000 டாலருக்கு மேல் ஆகிறது. சிகிச்சை கிடைக்காமல் சிறைக்குப் போகும் ஒவ்வொருவரின் செலவும் அதே கருவூலத்திலிருந்துதான் போகப்போகிறது. இந்தச் சட்டத்தால் மாநிலத்துக்கு ஆண்டுக்குப் பல கோடிகளிலிருந்து சில பத்துக் கோடி டாலர்கள் வரை கூடுதல் நீதி, சிறைச் செலவு ஏற்படலாம் என்று சட்டமன்றப் பகுப்பாய்வு அலுவலகம் வாக்கெடுப்புக்கு முன்பே சொல்லிவிட்டது.

5. கேட்க வேண்டியவை

முதலாவது, ஒருமுறைப் பணம் போதாது. குறைந்தது ஐந்தாண்டுக்கு உறுதி செய்த ஒதுக்கீடு வேண்டும். 2000ஆம் ஆண்டுச் சட்டம் அந்த அளவாவது கொடுத்தது. அதில் பெரும்பங்கு சிகிச்சைக்கும், வழக்கைச் சிகிச்சையோடு இணைக்கும் பணியாளர்களுக்கும் போக வேண்டும். அரசுச் செலவில் வாதாடும் வழக்குரைஞர்களையும் நன்னடத்தை அலுவலர்களையும் விட்டுவிடக் கூடாது. அந்தக் காவல் அறையில் மனிதரோடு பேசுபவர்களும், பிறகு அவரைத் தொடர்ந்து பார்ப்பவர்களும் அவர்கள்தான்.

இரண்டாவது, நீதித்துறைக் கவுன்சிலின் கணக்கைக் கவுண்டிவாரியாக, சிகிச்சைக்குக் காத்திருந்த நாள்களோடு சேர்த்துக் காலாண்டுக்கு ஒருமுறை வெளியிடக் கேட்போம். சிகிச்சை வேண்டும் என்று சொன்ன நாளுக்கும் சேர்ந்த நாளுக்கும் இடையே எத்தனை நாள் என்பது ஒன்றைத் தெரிந்துகொண்டால், எந்தக் கவுண்டியில் சட்டம் முழுதாக நடக்கிறது, எங்கே பாதி நடக்கிறது என்று தெரிந்துவிடும்.

மூன்றாவது, நீண்டகால வேலை. அரிசோனா 2004இல் தன் அரசமைப்பில் ஒரு விதியைச் சேர்த்தது. கட்டாயச் செலவை உண்டாக்கும் மக்கள் முன்மொழிவு, அதற்கான வருவாயையும் சொல்லியாக வேண்டும். அந்த விதியால் நல்ல முன்மொழிவுகள் சில மடியலாம் என்ற அச்சம் எனக்கும் உண்டு. ஆனாலும் இதை அப்படியே எடுக்காவிட்டாலும், நம் மாநிலத்துக்கு ஏற்ற ஒரு வடிவத்தை விவாதிக்க வேண்டிய காலம் வந்துவிட்டது. 36ஐ எழுதியவர்கள் அதன் விலையை வாக்காளர் முன் வைத்திருந்தால் இன்றைக்கு இந்த உரை தேவைப்பட்டிருக்காது.

இந்த அரங்கில் உள்ளவர்கள் பெரும்பாலும் ஃப்ரீமாண்ட், சன்னிவேல், சான் ஹோசே வாசிகள். உங்கள் மாநில சட்டமன்ற உறுப்பினர், செனட் உறுப்பினர் இருவரின் மாவட்ட அலுவலகமும் எட்டிவிடும் தொலைவில்தான் இருக்கின்றன. நிதிநிலைத் துணைக்குழுக்கள் வசந்த காலத்தில் கூடும்போது பொதுமக்கள் நேரில் பேசலாம். கிடைப்பது சில நொடிகளே என்றாலும், பெயரும் ஊரும் சொல்லி இந்தச் சட்டத்தின் சிகிச்சைப் பிரிவுக்கு நிரந்தர நிதி கொடுங்கள் என்று சொல்ல அது போதும். குடும்பத்தில் போதையால் ஒருவரை இழந்தவர்கள் நம் சமூகத்திலும் இருக்கிறார்கள். மாரடைப்பு என்று சொல்லி முடித்துவிடுகிறோம். பேச முடிந்தவர்கள் அவர்களுக்காகவும் பேச வேண்டும்.

ஆளுநர் ஒவ்வோர் ஆண்டும் நிதிநிலை வரைவை ஜனவரி 10க்குள் தந்தாக வேண்டும். மே நடுவில் அதன் திருத்தம். ஜூன் 15க்குள் சட்டமன்றம் நிறைவேற்ற வேண்டும். 2026 நவம்பரில் புதிய ஆளுநருக்கான தேர்தல். அவர் 2027 ஜனவரியில் பொறுப்பேற்ற அதே வாரம் தம் முதல் வரைவைத் தர வேண்டியிருக்கும். நம் ஊர்களுக்கு வாக்குக் கேட்டு வரும் வேட்பாளர் எந்தக் கட்சியினராக இருந்தாலும், 36ஆம் முன்மொழிவின் சிகிச்சைக்கு அந்த வரைவில் எத்தனை டாலர், எத்தனை ஆண்டுக்கு என்று கேளுங்கள். எண்ணாக விடை வாங்காமல் விடாதீர்கள்.